முதல் பேனாக்கத்தி: ஓபினெல் எட்டாம் நம்பர்

பேனாக்கத்தி சேர்க்கும் ஆசை வந்ததும் பலரும் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிப் பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த வழி வேண்டாம். ஒரே ஒரு கத்தி வாங்கி, பையில் வைத்துக்கொண்டு தினமும் புழங்குங்கள். அலகு நீளமா, பிடி சிறிதா, துரு பிடிக்கிறதா என்பதெல்லாம் கைக்குப் பிடிபட்ட பிறகு அடுத்ததைத் தேடலாம். அந்த முதல் கத்திக்கு என் சிபாரிசு, பிரான்ஸின் ஓபினெல் எட்டாம் நம்பர்.

ஆல்ப்ஸ் மலையடிவாரச் சவோய் பகுதியில் ஜோசப் ஓபினெல் 1890-ல் உருவாக்கிய கத்தி இது. 1897-ல் சிறியது முதல் பெரியது வரை ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் கொடுத்தார்கள். எட்டாம் நம்பரின் அலகு 8.5 செ.மீ.; பிடி பீச் மரம். பையில் இருப்பதே தெரியாத எடை. கொய்யா நறுக்க, பார்சல் கயிறு அறுக்க, பென்சில் சீவ இந்த அளவு போதும்.

பிடியின் கழுத்தில் இருக்கும் உலோக வளையம்தான் இதன் உயிர். மார்செல் ஓபினெல் 1955-ல் சேர்த்தது. அலகைத் திறந்து வளையத்தைக் கட்டைவிரலால் திருகினால் கத்தி மடங்காது. திருகாமல் அழுத்தி நறுக்கினால் அலகு விரல்மேலேயே மடங்கிவிடும். ஆகவே திறந்த கையோடு திருகுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அலகு இரண்டு வகையில் கிடைக்கிறது: கார்பன் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கார்பன் அலகால் புளிப்பு மாங்காய் நறுக்கிப் பாருங்கள். சாறு பட்ட இடம் கொஞ்ச நேரத்தில் நீலம் கலந்த சாம்பல் நிறமாகும். அது துரு அல்ல, பயப்பட வேண்டாம். ஆனால் ஈரத்தோடு மடித்து வைத்தால் செந்துரு நிச்சயம். கார்பனின் அருமை சாணைக்கல்லில் தெரியும். கல்லை நனைத்து, அலகை 20 டிகிரி அளவுக்குச் சாய்த்து ஒரு பக்கம் தீட்டுங்கள். மறுபக்க விளிம்பில் விரலை வெளிநோக்கித் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். தட்டுப்பட்டதும் பக்கம் மாற்றுங்கள். சாணை பிடிக்கப் பழக இதைவிட நல்ல அலகு இல்லை. கடலோர ஊர்க்காரர்களும் தினமும் துடைத்து வைக்கப் பொறுமை இல்லாதவர்களும் ஸ்டெயின்லெஸ்ஸே வாங்கலாம்.

குறைகளும் உண்டு. திறக்க இரண்டு கையும் வேண்டும். மழையில் நனைந்தால் மரம் ஊதி, அலகு பிடிக்குள் சிக்கிக்கொள்ளும். சவோய்க்காரர்கள் பிடியின் அடிப்பக்கத்தை மேசைமேல் ஓங்கித் தட்டுவார்கள். அலகின் நுனி வெளியே எட்டிப் பார்க்கும். கழுவும்போது பிடியை நீரில் ஊறவிடாதீர்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய ஆயுத விதிகள் குறிப்பிடுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை. இது அந்த அளவுக்கு வெகு கீழே. விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது, செக்-இன் பெட்டியில் போடுங்கள். பிரிட்டனில் வசிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே தகுந்த காரணமின்றிப் பொது இடத்துக்கு எடுத்துச் செல்லலாம் என்பது 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக்கத்திக்கு மட்டுமே. ஓபினெல்லுக்கு வளையப் பூட்டு இருப்பதால் அது சேராது. அவர்களுக்கு 58 மி.மீ. நீள விக்டோரினாக்ஸ் கிளாசிக் சரியான தொடக்கம். மற்றவர்கள் ஓபினெல்லையும் ஒரு சாணைக்கல்லையும் சேர்த்தே வாங்குங்கள்.