மணிச்சட்டத்தில் சமத்துவமா?

அவிநாசி, திருப்பூர், கோவை என்று எந்த வீதியில் நுழைந்தாலும் அபாகஸ் எனும் மணிச்சட்ட வகுப்பின் பலகை ஒன்று கண்ணில் படும். கணக்கோடு கவனமும் நினைவாற்றலும் வளரும் என்பது அதன் வாக்குறுதி. அந்தப் பேச்சு இப்போது ஒரு படி ஏறிவிட்டது: கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியிலேயே கற்றுக்கொடுத்தால், கணக்கில் உள்ள ஏற்றத்தாழ்வு தீர்ந்துவிடுமாம்.

கை வேகமாகும், அதில் தகராறு இல்லை. வடோதராவில் பிள்ளைகளை மூன்றாண்டு பின்தொடர்ந்து உளவியலாளர் டேவிட் பார்னரின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், அதே நேரத்தை வழக்கமான கணக்குப் பாடத்துக்குச் செலவிட்டவர்களை அபாகஸ் பிள்ளைகள் முந்தினார்கள்.

ஆனால் அவர்களுடைய நினைவாற்றல் கூடவில்லை. அதைவிட மோசம், பெரும்பலன் பெற்றவர்கள் யார் என்பது. மனக்கண்ணில் காட்சியைப் பிடித்து வைக்கும் திறன் தொடக்கத்திலேயே நன்றாக வாய்த்திருந்த பிள்ளைகள். இருப்பவனுக்கே அள்ளிக் கொடுக்கும் பயிற்சிக்குச் சமத்துவம் என்று பெயர் வைக்க அசாத்திய துணிச்சல் வேண்டும்.

என் நெடுநாள் சண்டை இதுதான்: கவனத்தைத் தேய்த்துத் தீட்ட வேண்டிய கத்தியாகப் பார்க்கிறார்கள். பொருளியலாளர் செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு நம் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளைப் பற்றியது. அதே ஆட்கள் வெட்டுக்கு முன், கையில் காசில்லாதபோது, கவனச் சோதனையில் தடுமாறினார்கள். பணம் வந்தபின் தேறினார்கள். இடையில் எவரும் பயிற்சி கொடுக்கவில்லை. சோதிக்கப்பட்டவர்கள் பெரியவர்கள்தான். என்றாலும் சனிக்கிழமைச் சம்பளத்தை எதிர்பார்த்து வெள்ளிக்கிழமை அரிசிக்கு அலையும் பனியன் கம்பெனித் தொழிலாளியின் வீட்டுப் பிள்ளைக்கு அது பொருந்தாது என்று என்னால் நம்ப முடியவில்லை. அவளுக்கு மூளைப் பயிற்சி வேண்டும் என்பது வசதியான பேச்சு. குறை அவள் தலைக்குள் இருப்பதாகி, நமக்கு வேலை மிச்சம். அந்த அரிசிக் கவலையைக் கொஞ்சம் இறக்கும், அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைக் கணக்குப் பாடத்தில் சேர்த்துப் பேச ஆளில்லை. நான் சேர்ப்பேன்.

கவனத்தின் மேல் உள்ள மிச்சப் பாரத்தை வகுப்பறையிலேயே இறக்கலாம். 503இலிருந்து 178ஐக் கழிக்க இரண்டு முறை கடன் வாங்க வேண்டும். நடுவே பூஜ்யம் வேறு. ஒவ்வொரு கடனையும் எண்ணுக்கு மேலே எழுதிக்கொள்ளட்டும், குச்சிக் கட்டை அவிழ்த்துப் பார்க்கட்டும், நேரமும் எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு விடாமல் “மனசுலயே போடு, சீக்கிரம்” என்று விரட்டும் வாத்தியார்கள் இன்னும் இருக்கிறார்கள். அபாகஸ் மோகம் அவர்களுக்குத்தான் துணை போகிறது.