பூவரசம்பூ கேட்ட கேள்வி

டிசம்பர் 7. கலெக்டர் சட்டையில் ஒரு சின்னக் காகிதக் கொடியைக் குத்துவார்கள். அவர் உண்டியலில் பணம் போடுவார். மறுநாள் பேப்பரில் போட்டோ வரும். அதோடு கொடிநாள் முடிந்தது என்று நினைத்தால், அதுதான் இல்லை. மாவட்டத்துக்கு இத்தனை லட்சம் என்று இலக்கு இருக்கிறதே! அந்த இலக்கு படிப்படியாக இறங்கி வந்து, ஏதோ ஒரு ஆபீஸ் கவுன்டரில் நிற்கிற ஆளின் தலையில் விழும். 'கொடிநாளுக்கு நூறு ரூபாய் சேர்த்துக் கொடுங்க சார்.' எனக்கும் ஒரு முறை விழுந்தது. கொடுக்கலைன்னா என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நூறு ரூபாய் பெரிசில்லை. அது எதற்கு என்று வாங்குகிறவருக்கும் தெரியாமல், கொடுக்கிறவருக்கும் தெரியாமல் கை மாறுவதுதான் உறுத்துகிறது.

தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது. 1949 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான கமிட்டி முடிவு செய்து, அந்த வருஷத்திலிருந்து டிசம்பர் 7 கொடிநாள். கொடியில் இருக்கும் சிவப்பு ராணுவம், கருநீலம் கடற்படை, வெளிர்நீலம் விமானப்படை. போரில் கணவனை இழந்தவர்கள், ஊனமுற்ற வீரர்கள், முன்னாள் படைவீரர்கள், அவர்கள் குடும்பங்கள்... இவர்களுக்காகத்தான் அந்த உண்டியல்.

இந்த யோசனைக்கு மூத்த அக்கா ஒருத்தி உண்டு. பாப்பி என்கிற சிவப்புப் பூ. முதல் உலகப்போரில் பெல்ஜியத்துச் சேற்றில், சமாதிகளுக்கு நடுவில் அது பூத்துக் கிடந்ததைப் பார்த்து, ஜான் மெக்ரே என்ற கனடா நாட்டு டாக்டர் 1915-ல் ஒரு கவிதை எழுதினார். 1921-ல் பிரிட்டனில் அந்தப் பூவை விற்க ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷமே, கை கால் இழந்த சிப்பாய்களுக்கு வேலை கொடுத்து, பூ செய்ய ஒரு தொழிற்சாலையும் தொடங்கிவிட்டார்கள். அனுதாபத்தோடு சம்பளமும் கொடுத்தார்கள் பாருங்கள், அது பெரிய விஷயம்.

ஆனால், அந்தப் பூ கப்பல் ஏறி நம் பக்கம் வந்தபோது ஒரு சிக்கல். இலங்கையில் நவம்பர் 11 அன்று விற்ற பாப்பிப் பணத்தில் பெரும்பகுதி இங்கிலாந்துக்குப் போனது. அதே போருக்குப் போய் வந்த இலங்கைக்காரனுக்குக் கொஞ்சம்தான். 1931-ல் ஏலியன் பெரேரா என்பவர், அதே நாளில் உள்ளூர் சிப்பாய்களுக்காக ஒரு மஞ்சள் பூவை விற்க ஆரம்பித்தார். 'சூரிய மல்' என்று சிங்களத்தில் பேர். வேறொன்றுமில்லை, நம்ம பூவரசம்பூதான்! சின்ன வயதில் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதினோமே, அதே மரம்.

1933-ல் கொழும்பு இளைஞர்கள் அதைக் கையில் எடுத்து, போருக்கும் ஏகாதிபத்தியத்துக்கும் எதிரான இயக்கமாகவே ஆக்கினார்கள். முன்னால் நின்றவர்களில் டோரீன் யங் என்ற ஆங்கிலேயப் பெண்மணியும் ஒருவர். அடுத்த வருஷம் மலேரியா கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொண்டுபோனபோது, அதே இளைஞர்கள் கிராமங்களுக்கு மருந்தோடு போனார்கள். பூவரசம்பூ கேட்டது ஒரே கேள்விதான்: 'பணம் யார் பேரில் வாங்குகிறாய், யாருக்குப் போகிறது?'

பி.காம். படித்தவன் புத்தி எனக்கு. எந்த உண்டியலைப் பார்த்தாலும் ஐந்தொகை எங்கே என்றுதான் தேடும். விருதுநகர் பக்கம் இது ஒன்றும் புதுப் பழக்கமில்லை. வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி போட்டார்கள். அதில் வளர்ந்த பள்ளிக்கூடத்தில்தான் காமராஜர் படித்தார். யாரும் யார் சட்டையிலும் எதையும் குத்தவில்லை. போட்ட அரிசி எங்கே போகிறது என்பது தெருவுக்கே தெரிந்திருந்தது. அதனால் மறு வாரமும் அரிசி விழுந்தது.

கட்டாயம் நுழைந்தால் எந்தப் பூவும் வாடிவிடும். பிரிட்டனிலேயே டி.வி.யில் பாப்பி குத்தாமல் வந்தவர்களைப் பிடித்துக் காய்ச்சினார்கள். ஜான் ஸ்நோ என்ற செய்தி வாசிப்பாளர் 2006-ல் இதற்கு 'பாப்பி பாசிசம்' என்றே பேர் வைத்தார். இங்கே, பாப்பிக்குப் பதிலாக நம்ம கேந்திப்பூவை வைக்கலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது. நல்ல யோசனைதான். மாலை கட்டவும் பூ கிடைக்கும், விவசாயிக்கும் காசு கிடைக்கும். ஆனால் கொடியை மாற்றிப் பூ வைத்து, அதே கவுன்டரில் அதே நூறு ரூபாயைப் பிடுங்கினால் என்ன பிரயோஜனம்?

ஆமத்தூரில் ராணுவத்திலிருந்து ரிட்டையர் ஆன ஒரு அண்ணாச்சியிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். "கவுன்டர்ல எங்க பேரைச் சொல்லிக் காசு கேக்கும்போது, வரிசையில நிக்கிறவன் மூஞ்சியப் பாத்திருக்கீங்களா தம்பி? எங்களுக்காகத்தான் வாங்குதாகன்னு தெரிஞ்சும் எனக்குக் கூச்சமா இருக்கும்" என்றார். எல்லையில் நின்ற ஆளை வரிசையில் கூனிக் குறுக வைக்கிற வசூல் என்ன வசூல்?

வசூல் எவ்வளவு என்பது பேப்பரில் வருகிறது. இலக்கைத் தாண்டினால் பாராட்டும் கிடைக்கிறது. அந்தப் பணத்தில் நம்ம மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள், எத்தனை விதவைகளுக்கு உதவி போனது என்பது மட்டும் அவ்வளவு பெரிய எழுத்தில் கண்ணில் படுவதில்லை. பேர் வேண்டாம், எண்ணிக்கை போதும். கொடியோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுங்கள்: போன வருஷ வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, பலன் பெற்ற குடும்பங்கள் இத்தனை. ஊருக்கெல்லாம் காலண்டர் அடித்துக் கொடுக்கிற சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு சீட்டு அச்சடிக்க என்ன பெரிய செலவு?

அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, நூறு கேட்ட இடத்தில் இருநூறு எடுத்து நீட்டுகிற ஆட்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அப்போது கொடியை யாரும் குத்திவிட வேண்டாம். அவர்களே வாங்கிக் குத்திக்கொள்வார்கள்.