மூடா ஆற்றின் வடகரை: பினாங்குப் பிரிவினைக் கோரிக்கை பற்றிய வரலாற்றெழுத்து குறித்து ஒரு மதிப்பீடு

மலாயாக் கூட்டரசிலிருந்து பினாங்கு விலகிச் செல்ல வேண்டும் என்னும் கோரிக்கை 1948ஆம் ஆண்டின் இறுதியில் எழுந்து, 1951 அளவில் அடங்கிப்போயிற்று. நம் நாட்டு வரலாற்றுப் பாடநூல்களில் அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை. சிங்கப்பூர் 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் பிரிந்த செய்தியை அறியாத மாணவர் எவருமிலர். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னரே பினாங்கு பிரிய முயன்றது என்று சொன்னால் இளங்கலை மாணவர் வியப்புடன் பார்க்கின்றனர். இம்முயற்சியை முறையாக ஆராய்ந்தவருள் முதன்மையானவர் முகமது நோர்டின் சோப்பி. 1973இல் ஆய்விதழ்க் கட்டுரையாகவும், 1974இல் மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்த தம் நூலின் ஒரு பகுதியாகவும் அவர் இதனை எழுதினார். மலாயன் யூனியன் தொடங்கிச் சிங்கப்பூர்ப் பிரிவு வரையிலான இருபதாண்டு அரசியலை ஒரே இழையில் கோத்த அந்நூல் இன்றும் மதிக்கத்தக்கது. ஆயினும், அந்நூலையும் அதனைப் பின்பற்றி நம்மவர் எழுதியவற்றையும் கெடா மாநிலத்துத் திகாம் பத்துவில் நின்று படித்தால் ஒரு பெரும் வெற்றிடம் தென்படுகிறது. அவ்வெற்றிடத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். திகாம் பத்து, சுங்கைப் பட்டாணிக்குத் தெற்கே, கோலமூடா மாவட்டத்தில் உள்ள சிற்றூர். சுற்றிலும் பால்மரத் தோட்டங்கள் இருந்த பகுதி. இன்று அவற்றுள் பல வீடமைப்புத் திட்டங்களாக மாறிவிட்டன. பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே வரும் பழைய பெருஞ்சாலை மூடா ஆற்றைக் கடந்து இவ்வூர் வழியாகவே சுங்கைப் பட்டாணியை அடைகிறது. ஆற்றுக்குத் தென்புறம் செபராங் பிறை, அதாவது பினாங்கு. வடபுறம் கெடா. இரு கரைகளிலும் ஒரே வகைத் தோட்டங்கள், ஒரே வகை லயங்கள், ஒரே ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள். கரைமாறிப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் அன்றாடச் செய்தி. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குச் செல்லும் கெடாத் தோட்டத்தார் ஒரு மாநிலத்தைக் கடந்து மற்றொரு மாநிலத்துக்குப் போகிறோம் என்று எண்ணியதில்லை. அவர்களுள் பலருடைய பெற்றோர் கப்பலிலிருந்து முதன்முதலில் கால் வைத்த மண்ணும் பினாங்கே.

இந்த ஆறு 1948இல் ஒரு நாட்டின் எல்லையாக மாறியிருக்கக் கூடும்.

பினாங்கு வணிகரின் அச்சத்தைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. 1826 முதல் சிங்கப்பூர், மலாக்கா ஆகியவற்றுடன் சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்களாக விளங்கிய பினாங்கு, 1946 ஏப்ரல் 1இல் மலாயன் யூனியனில் சேர்க்கப்பட்டது. சிங்கப்பூர் மட்டும் தனிக் குடியேற்ற நாடாக நிறுத்திக்கொள்ளப்பட்டது. 1948 பிப்ரவரி 1இல் யூனியன் கலைந்து கூட்டரசு அமைந்தபோது, தீர்மானிக்கும் அதிகாரம் கோலாலம்பூருக்குப் போனதைப் பினாங்கு உணர்ந்தது. வரியில்லாத் துறைமுகம் என்னும் தகுதி நிலைக்குமா, தீவிலிருந்து பெருநிலத்துக்குச் செல்லும் சரக்குக்கு வரி விழுமா, சிங்கப்பூர் வளரத் தாம் தேய்வோமா என்பன வணிகர் கேட்ட வினாக்கள். பிறப்பால் பிரித்தானியப் பிரஜைகளான நீரிணைச் சீனருக்கு, அத்தகுதி கரைந்துபோகுமோ என்னும் கவலையும் சேர்ந்தது. 1948 டிசம்பர் 13இல் கூடிய கூட்டத்திலிருந்து ஒரு பிரிவினைக் குழு பிறந்தது. ஐரோப்பிய வணிகர் சங்கத்தின் டி. ஏ. மக்கே அதற்குத் தலைமை ஏற்றார். 1949 பிப்ரவரி 10இல் குடியேற்ற மன்றத்தில் தீர்மானம் வந்தது. ஆதரவு 10, எதிர்ப்பு 15. தோற்ற பின்னரும் குழுவினர் ஓயாமல் இலண்டனுக்கு மனு அனுப்பினர், அதுவும் ஏற்கப்படவில்லை.

பின்னாளில் அந்த அச்சம் முற்றிலும் பொய்யாகவும் இல்லை. 1969இல் வரியில்லாத் துறைமுகத் தகுதி பறிபோனது. பினாங்கில் வேலையின்மை பெருகியது. பிரிவினைக் குழுவினரை வெறும் ஏகாதிபத்திய விசுவாசிகள் என்று ஒதுக்கிவிடும் தேசிய நோக்கிலான எழுத்து இதனைக் கண்டுகொள்வதில்லை. இந்த வகையில் சோப்பி நேர்மையாளர். அவர் யாரையும் ஏசவில்லை. அரசுகள் ஏன் இணைகின்றன, ஏன் சிதைகின்றன என்பதே அவருடைய வினா. அந்த வினாவுக்கு ஏற்ற மனிதர்களை, அதாவது வணிகர், வழக்கறிஞர், மன்ற உறுப்பினர், குடியேற்ற அதிகாரி ஆகியோரை, அவர் தேர்ந்துகொண்டார்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இந்திய வணிகர்களும் அக்கோரிக்கையில் பங்குகொண்டனர் என்பது உண்மை. இவ்வுண்மை, தமிழில் எழுதப்படும் வரலாற்றுக் குறிப்புகளுக்கு வரும்போது, ‘இந்தியர்கள் பிரிவினையை ஆதரித்தனர்’ என்று சுருங்கிவிடுகிறது. மூன்றே சொற்கள், ஆனால் எத்தனை பேரை அவை விழுங்கிவிடுகின்றன! பினாங்குத் தெருவில் கடை வைத்திருந்தவரும், செபராங் பிறைத் தோட்டத்தில் பால் வெட்டியவரும், ஆற்றுக்கு இப்பால் திகாம் பத்துவில் கங்காணியின் பெயரழைப்புக்கு விடியற்காலையில் நின்றவரும் ஒரே ‘இந்தியர்’ ஆகிவிடுகின்றனர். வணிகர் சங்கத்தின் தீர்மானம் ஒரு வணிகர் சங்கத்தின் தீர்மானமேயன்றி, ஓர் இனத்தின் தீர்மானமன்று. மன்றத்தில் கையுயர்த்திய இருபத்தைவரும் நியமனம் பெற்றவர்கள் என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். மலாயாவில் முதல் தேர்தலே 1951 டிசம்பரில் ஜோர்ஜ்டவுன் நகராட்சிக்கு நடந்ததுதான். ஆகவே பினாங்கில் இருந்தவர்களிடமே எவரும் கேட்கவில்லை. கெடாவில் இருந்தவர்களிடம் கேட்கும் பேச்சுக்கே இடமில்லை.

அப்படியாயின், கெடாத் தோட்டத் தமிழர் ஏன் தாமாகவே குரல் எழுப்பவில்லை? அரசியல் அறியாதவர்கள், கள்ளும் கூத்துமாக இருந்தவர்கள் என்னும் விடை நம் எழுத்துகளில் அடிக்கடி தலைகாட்டுகிறது. இதனை ஏற்பதற்கில்லை. பிரிவினைக் கூட்டத்துக்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், இதே கோலமூடா மாவட்டத்தில், பீடோங்கை அடுத்த ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடை மறியல், ஒழுங்கான அணிவகுப்பு, கூலிக் கோரிக்கை என வளர்ந்த அவ்வியக்கம் 1947இன் தொடக்கத்தில் காவல்துறையுடன் மோதலில் முடிந்தது. தொழிலாளர் பலர் கைதாயினர். மைக்கேல் ஸ்டென்சன் 1980இல் வெளியிட்ட மலேசிய இந்தியர் பற்றிய நூலில் இது விரிவாக இடம்பெறுகிறது. கள்ளுக்கு எதிராகவே திரண்டவர்களைக் கள்ளில் மூழ்கியவர்கள் என்று எழுதுவது எத்துணைப் பெரிய அநீதி!

1948 ஜூன் மாதத்தில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தொழிற்சங்கக் கூட்டமைப்பின் பதிவு நீக்கப்பட்டது. 1949 மே 3இல் பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார், மறுநாள் எஸ். ஏ. கணபதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். குடியேற்ற மன்றத்தில் பதினைந்துக்குப் பத்து என வாக்கெண்ணி மூன்று மாதங்கூட ஆகவில்லை. பினாங்கு வணிகர் கூட்டம் கூட்டித் தீர்மானம் இயற்றுவதற்குத் தடையேதும் இருக்கவில்லை. ஆற்றின் வடகரையில் ஒரு தோட்டத் தொழிலாளி பத்துப் பேரைக் கூட்டிப் பேசியிருந்தால் அவர் நிலை என்னவாகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஆவணங்களில் காணப்படும் மௌனம் அக்கறையின்மையின் மௌனம் அன்று. ஸ்டென்சனின் நூலில் கெடாத் தொழிலாளர் இருக்கின்றனர். சோப்பியின் நூலில் பினாங்கு வணிகர் இருக்கின்றனர். இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படித்தவர் நம்மில் அரியர்.

பினாங்கு மலாய்க்காரர் நிலையை இதனோடு ஒப்பிடுவது பயன் தரும். தம் இனத்தார் பெரும்பான்மையாக உள்ள பெருநிலத்திலிருந்து துண்டிக்கப்படுவோம் என்று அஞ்சி அவர்கள் பிரிவினையை எதிர்த்தனர். செபராங் பிறை மலாய்க் குடும்பங்களுக்கும் கெடாக் குடும்பங்களுக்கும் இருந்த உறவைப் போன்றதே இருகரைத் தமிழரின் உறவும். ஒரு சாராருக்கு அம்னோ இருந்தது. கேட்கும் காதும் இருந்தது. மற்றவருக்கு 1946இல் தோன்றிய ம.இ.கா. இருந்தது, ஆனால் அன்றைய ம.இ.கா. நகரத்துப் படித்தோர் கட்சியாகவே பெரிதும் விளங்கியது.

வரியைவிடக் குடியுரிமையே இவர்களுக்கு உயிர்ச் சிக்கல். மலாயன் யூனியன், இந்நாட்டில் பிறந்தோருக்குப் பரந்த குடியுரிமையை அளிக்க முன்வந்தது. கெடாவிலும் பிற மாநிலங்களிலும் மலாய்ச் சமூகம் கொதித்தெழுந்ததற்கு அதுவும் ஒரு முதன்மைக் காரணம். யூனியன் கலைந்து கூட்டரசு வந்தபோது அந்த வாயில் குறுகிற்று. இந்தியர் பெரும்பாலோர் யூனியன் வந்தபோதும் மகிழவில்லை, போனபோதும் அழவில்லை என்று எழுதுகிறோம். இந்திய விடுதலையை நோக்கியே அவர்கள் கண்கள் இருந்தன என்கிறோம். அது ஓரளவு உண்மை. ஆனால் மூடா ஆற்றங்கரையில் அதன் பயன் வேறு விதமாக வந்து விடிந்தது. தென்கரையில் பிறந்த குழந்தை பிறந்த மாத்திரத்திலேயே பிரித்தானியப் பிரஜை. வடகரை மாநிலம் சுல்தானின் ஆட்சிக்குட்பட்ட பாதுகாப்பு நாடு என்பதால், அங்கே பிறந்தமை மட்டும் அத்தகுதியைத் தராது. என் குடும்பத்திலேயே பெரிய அத்தை தென்கரைத் தோட்டத்தில் பிறந்தவர்; வேலை மாறி வந்த பின் என் தந்தையார் வடகரையில் பிறந்தார். பிற்காலத்தில் நீல அடையாள அட்டைக்காக அத்தை ஒரு முறைகூட அலைந்ததில்லை. தந்தையார் அலைந்தார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இடையே நான்கு கல் தொலைவு.

கெடாத் தமிழர் மற்றொன்றையும் அறிந்திருந்தனர். 1909க்கு முன் இங்கு வந்து சேர்ந்த ஒருவர், வீட்டை விட்டு நகராமலேயே சயாமின் மேலாண்மையையும், அவ்வாண்டு உடன்படிக்கைக்குப் பின் பிரித்தானியரையும், 1941 இறுதியில் சப்பானியரையும், 1943இல் அவர்கள் கெடாவைத் தாய்லாந்துக்குக் கொடுத்ததையும், போருக்குப் பின் மீண்டும் பிரித்தானியரையும், யூனியனையும், கூட்டரசையும் கண்டிருப்பார். கொடிகள் மாறின, பெயரழைப்பு மாறவில்லை. இத்தகைய பட்டறிவு உடையவர்கள் இன்னுமொரு எல்லைக் கோட்டைப் பற்றி என்ன நினைத்தனர் என்பது அரசியல் வரலாற்றுக்குச் சிறிய வினாவன்று.

வெளிநாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. 2016 ஜூன் 23இல் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக 51.9 விழுக்காட்டினர் வாக்களித்தனர். அப்பரப்புரையில் பேசப்பட்டவை பெரிதும் குடிநுழைவும் பணமும். வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையிலான நில எல்லையில் நாள்தோறும் வேலைக்குக் கடப்பவர் கதி என்ன என்னும் வினா, வாக்கெண்ணி முடிந்த பின்னரே முன்னுக்கு வந்து பல ஆண்டுப் பேச்சுவார்த்தையை விழுங்கியது. வட அயர்லாந்தில் பெரும்பான்மையோர் விலக வேண்டா என்றே வாக்களித்திருந்தனர். அவர்களிடம் வாக்கேனும் கேட்கப்பட்டது என்பதுதான் வேறுபாடு.

படைப்பிலக்கியத்தில் இவ்வெற்றிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா? கெடா, மலேசியத் தமிழ் எழுத்துக்கு வளமான மண். பீடோங்கில் பிறந்து பினாங்கில் பேராசிரியராகப் பணியாற்றிய ரெ. கார்த்திகேசு, சுங்கைப் பட்டாணி வட்டாரத்து சீ. முத்துசாமி, கோ. புண்ணியவான் எனப் பட்டியல் நீளும். தோட்டத்தின் உள்வாழ்வை இவர்கள் எழுதிய அளவு ஆழமாகப் பிறர் எழுதவில்லை. எனினும் நான் படித்த அளவில், ஆற்றை எல்லையாகக் கண்ட கதை ஒன்றும் எதிர்ப்படவில்லை. தோட்டம் நம் புனைகதையில் மூடிய உலகாகவே அமைந்துவிட்டது. வெளியே செல்லும் சாலை பெரும்பாலும் பட்டணத்துக்குப் பிழைக்கப் போகும் சாலை. இதனைப் படைப்பாளரின் குறையாகச் சொல்லவில்லை. வரலாற்றாசிரியர் எழுதாததைப் புனைகதை மட்டும் எங்கிருந்து எடுக்கும்?

1970களில் பினாங்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளால் மீண்டெழுந்தது. அதன் பின் சுங்கைப் பட்டாணிப் பகுதித் தோட்டத்து இளம்பெண்கள் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஆற்றைக் கடக்கலாயினர். இன்றோ பினாங்கு தன் நீரில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் மூடா ஆற்றிலிருந்தே எடுக்கிறது. அதற்குக் கட்டணம் வேண்டும் என்கிறது கெடா. பினாங்கே கெடாவுக்கு உரியது, 1786இல் குத்தகைக்குத்தான் விடப்பட்டது என்னும் பேச்சும் அண்மை ஆண்டுகளில் கெடா மந்திரி புசாரிடமிருந்து எழுந்து, இரு மாநிலங்களுக்குமிடையே சொற்போராகியுள்ளது. பினாங்குக்காக ஆண்டுதோறும் கெடாவுக்கு வழங்கப்பட்டு வந்த பத்தாயிரம் மீண்டும் பேசுபொருளாகியிருக்கிறது. இம்முறையும் பேசுவோர் இரு தலைநகரங்களில்தான் இருக்கின்றனர்.

செய்ய வேண்டிய பணி தெளிவாகவே உள்ளது. 1948, 1949ஆம் ஆண்டுகளின் ‘தமிழ் நேசன்’, ‘தமிழ் முரசு’ இதழ்களைப் பிரிவினை என்னும் ஒரு பொருளுக்காகவே புரட்ட வேண்டும். தலையங்கங்களை மட்டுமன்று, தோட்டங்களிலிருந்து வந்த வாசகர் கடிதங்களையும் பார்க்க வேண்டும். இருகரைத் தோட்டங்களின் பிறப்புப் பதிவுகளை ஒப்பிட வேண்டும். அக்காலத்தை நினைவில் வைத்திருப்போர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். திகாம் பத்துவிலும் பாடாங் செராயிலும் அத்தகையோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். நம் துறையின் முதுகலை மாணவர் இருவர், ஓர் ஒலிப்பதிவுக் கருவியுடன், அடுத்த நீண்ட விடுமுறையிலேயே இதனைத் தொடங்கலாம்.