ஆர்தர் சி. கிளார்க்கின் கடல்

ஆர்தர் சி. கிளார்க் ஆங்கில அறிவியல் புனைவு எழுத்தாளர். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் மைன்ஹெட் என்ற கடற்கரை ஊரில் டிசம்பர் 16, 1917 அன்று பிறந்தார். 1956-இல் இலங்கையில் குடியேறினார். மார்ச் 19, 2008 அன்று கொழும்பில் மறைந்தார். தமிழில் அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு முடிந்துவிடுகிறது. ஒன்று, செயற்கைக்கோள் வழித் தகவல்தொடர்பு பற்றி அவர் 1945-இல் எழுதிய கட்டுரை. மற்றது, ஸ்டான்லி குப்ரிக்கின் '2001' திரைப்படம். அவர் அரை நூற்றாண்டு வாழ்ந்த தீவின் கடல் அந்தப் பேச்சில் வருவதில்லை. அவருடைய எழுத்தின் பெரிய பலமும் பெரிய குறையும் அந்தக் கடலில்தான் இருக்கின்றன.

கிளார்க் எழுத்தாளராகும் முன்பே தீவிர ரசிகராக இருந்தவர். அவர் பள்ளியில் படித்த காலத்தில் அமெரிக்க அறிவியல் புனைவு இதழ்களின் விற்காத பிரதிகள் பிரிட்டனுக்கு வந்து மலிவு விலைக் கடைகளில் குவிந்தன. கப்பல் நிலைகொள்ள அடியில் ஏற்றும் பாரமாகவே அவை வந்தன என்பார்கள். 1936-இல் லண்டனுக்கு வந்து அரசு அலுவலகத்தில் தணிக்கை வேலையில் சேர்ந்தார். 1937 ஜனவரியில் லீட்ஸ் நகரில் நடந்த ரசிகர் கூட்டத்தில் கலந்துகொண்டார். அறிவியல் புனைவுக்கென நடந்த முதல் மாநாடு என்று பலர் கருதுவது இதைத்தான். பின்னர் எழுத்தாளர் வில்லியம் டெம்பிளோடு ஒரே குடியிருப்பில் தங்கினார். நண்பர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஈகோ'. ரசிகர் இதழ்களில் எழுதிப் பழகிய கை 1946-இல்தான் காசுக்குக் கதை விற்றது. ஒரு கருத்தைச் சபையில் வைத்து வாதாடும் தொனி கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. அவருடைய பாத்திரங்கள் மனிதர்களாக மனத்தில் தங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

1954-இல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டுக்குப் போகும் வழியில் அவருடைய கப்பல் கொழும்பில் நின்றது. அந்த நிறுத்தம்தான் பின்னாளில் குடியேற்றமாக முடிந்தது. எடையற்ற நிலையைப் பூமியில் உணர நீருக்கடியில் மூழ்குவதே வழி என்பது அவருடைய எண்ணம். 1962-இல் இளம்பிள்ளைவாதம் தாக்கி நடை தளர்ந்தபின் இது அவருக்கு உடலின் உண்மையாகவே ஆனது. கரையில் தடுமாறிய உடம்பு நீரில் தடுமாறவில்லை.

1956-இல் கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் திருகோணமலையில் கோணமலைப் பாறைக்குக் கீழே மூழ்கினார்கள். சம்பந்தர் பாடிய கோணேசுவரத்தைப் பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்ட எடுத்துக்கொண்டனர். செதுக்கப்பட்ட தூண்கள் கடலடியில் கிடப்பதை இவர்கள் கண்டார்கள். வில்சன் கடலிலிருந்து எடுத்ததாகக் கூறப்படும் லிங்கம் இன்று கோயிலில் வழிபாட்டில் உள்ளது. 'தப்ரபேனின் பவளத்திட்டுகள்' (1957) நூலில் இந்தத் தேடலைக் கிளார்க் எழுதியிருக்கிறார்.

1961-இல் தீவின் தென்கிழக்கே கிரேட் பேசஸ் பாறைத்திட்டில் வில்சனும் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களும் ஒரு கப்பற்சிதைவைக் கண்டனர். சிறு வெண்கலப் பீரங்கிகள் கிடைத்தன. சூரத் நாணயச்சாலையில் ஹிஜ்ரி 1113-இல், அதாவது 1702 வாக்கில், அச்சான ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள் மூட்டையின் வடிவிலேயே இறுகிக் கட்டிகளாகக் கிடைத்தன. 'பெரும்பாறைப் புதையல்' (1964) இதைச் சொல்லும் நூல். தொல்லியல் ஒழுங்கோடு தொடங்கிய அகழ்வு அல்ல இது, ஆர்வலர்களின் வேட்டை. 1963-இல் பீட்டர் த்ரோக்மார்ட்டன் வந்த பிறகுதான் ஆய்வுக்கண் சேர்ந்தது.

இத்தனையும் தெரிந்த ஒருவரின் புனைவில் என்ன கடல் வருகிறது? 'ராமாவுடன் சந்திப்பு' (1973) நாவலில் விண்கலத்தின் பெயர் எண்டவர். தலைவன் நார்ட்டன் கேப்டன் குக்கின் பயணங்களில் தோய்ந்தவன். உருளைக்கடலைக் கடக்கக் கட்டும் மிதவைக்கும் குக்கின் கப்பல் பெயரே கிடைக்கிறது: ரெசல்யூஷன். (கிரேக்க, ரோமானியப் பெயர்கள் தீர்ந்துபோய் வானியலாளர்கள் இந்துக் கடவுளர் பட்டியலுக்கு வந்ததால் அந்த அந்நியக் கலத்துக்கு ராமா என்று பெயர். அதற்குமேல் பொருள் தேட வேண்டாம்.) இருட்டில் அந்தக் கடலின் விளிம்பில் மனிதர்கள் நிற்கும் பக்கங்கள் அவர் எழுதியவற்றில் மிகச் சிறந்தவை. மூழ்கிப் பழகியவனின் பொறுமை அவற்றில் இருக்கிறது.

ஆனால் ராமாவில் குடிகள் இல்லை. உயிர்போல் இயங்கும் கருவிகள் உண்டு, ஊர்க்காரர் என்று எவரும் இல்லை. குக் 1779-இல் ஹவாயில், தான் போய் இறங்கிய மண்ணின் மக்கள் கையில் இறந்தார். அப்படி ஒரு முடிவு நார்ட்டனுக்கு வர வழியே இல்லை. கண்டுபிடிப்பு குற்றமற்றதாக இருக்க வேண்டுமென்றால் கண்டுபிடிக்கப்படும் இடம் காலியாக இருக்க வேண்டும். கிளார்க் அதைக் காலி செய்துவிட்டார். அந்நியக் கப்பல்கள் வந்து இறங்கினால் என்ன மிஞ்சும் என்பதைக் கோணமலைக்கு அடியில் நேரில் பார்த்தவர் அவர்.

'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' (1979) இதற்கு மறுப்பாகலாம். சிகிரியாவும் சிவனொளிபாதமும் வேறு பெயர்களில் அதில் வருகின்றன. விண்தூக்கிக்காகத் தீவையே நிலநடுக்கோட்டுக்கு நகர்த்துகிறார். நல்ல நாவல்தான். ஆயினும் அதன் வரலாறு மலையிலும் அரண்மனையிலும் நடக்கிறது. கடைசியில் கப்பற்சிதைவை மையமாக வைத்து 1990-இல் ஒரு நாவல் எழுதியபோதும் அவர் எடுத்துக்கொண்டது டைட்டானிக்கை. சூரத் வெள்ளியோடு உடைந்த அந்தக் கப்பலை அல்ல.

தமிழிலும் இந்த இரண்டு ஆர்வங்களும் சேரவில்லை. கப்பலும் கடற்போரும் சாண்டில்யன் வாசகருக்கு, இயந்திரமும் விண்வெளியும் சுஜாதா வாசகருக்கு என்று பிரிந்தே இருந்தன. கிளார்க்குக்கு மூன்று வாரம் முன்னால், பிப்ரவரி 27, 2008 அன்று, சுஜாதா மறைந்தார். வெண்ணந்தூரிலிருந்து கடலைப் பார்க்க எந்தத் திசையில் கிளம்பினாலும் பயணத்திலேயே பாதி நாள் போய்விடும். இங்கே கடல் புத்தகத்தில்தான் முதலில் வருகிறது. ஆகவே எந்தப் புத்தகம் முதலில் என்பது சின்ன விஷயம் அல்ல. கிளார்க்கைப் புதிதாகப் படிப்பவர் 'தப்ரபேனின் பவளத்திட்டுகள்' நூலை முதலில் எடுக்கலாம். 'ராமா' அதற்குப் பிறகு. தமிழாக்கம் செய்ய யாரேனும் முன்வந்தால் திருகோணமலைப் பகுதியிலிருந்து தொடங்குவது நல்லது.