மீண்டுவரும் மூலம்: ஒரு விதி பற்றிய ஆராய்வு

ஏகபரிமாண மீள்வரு தொடர்புகளைத் தீர்க்கப் புகும் மாணவனுக்குப் பாடநூல்கள் பெரும்பாலும் இரு விதிகளை வழங்குகின்றன. சிறப்பியல்புச் சமன்பாட்டின் மூலங்கள் வேறுவேறாயின் அவற்றின் அடுக்குகளைத் தக்க குணகங்களாற் பெருக்கிக் கூட்டுக என்பது ஒன்று. ஒரு மூலம் இருமுறை வரின் இரண்டாவதை உறுப்பின் வரிசையெண்ணாகிய ‘ந’ என்பதாற் பெருக்குக என்பது மற்றொன்று. பின்னையது பிரதியிட்டுச் சரிபார்க்கப்படுகிறதேயன்றி, அந்த ‘ந’ எங்கிருந்து வந்ததென விளக்கப்படுவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் டி மோய்வர் மீள்வரு தொடர்களை ஆராய்ந்தபோது தாயங்களின் அட்சரகணிதம் தோன்றியிருக்கவில்லை. கெய்லி அதனை வகுத்தது 1858இலேயே. ஆயின் இன்றைய நூல்களுக்கு அச்சமாதானம் பொருந்தாது.

ந மூலகங்களையுடைய தொடையொன்றின் தொடைப்பிரிவுகள் அனைத்திலும் உள்ள மூலகங்களின் மொத்தத் தொகையை நோக்குக. அது 0, 1, 4, 12, 32 எனச் செல்லும். ஓர் உறுப்பைப் பெற, முந்தியதன் நான்மடங்கினின்று அதற்கும் முந்தியதன் நான்மடங்கைக் கழித்தல் வேண்டும். மூலம் 2; அஃது இருமுறை வருகின்றது. இத்தொகையை எண்ணுதலாவது, தொடைப்பிரிவொன்றைத் தெரிந்து அதில் ஒரு மூலகத்துக்குக் குறியிடுதலாம். மூலகங்களை வரிசையாகக் கடந்து செல்லுங்கால், குறியிடுமுன் ஒரு நிலை, இட்டபின் ஒரு நிலை. எந்நிலையில் நின்றாலும் மூலகத்தைக் கொள்ளலாம் அல்லது விடலாம். ஆதலின் வழி இரண்டு. முன்னிலையினின்று பின்னிலைக்குச் செல்ல வழி ஒன்றே; திரும்புதற்கு வழியில்லை. எனவே தாயத்தின் முதல் நிரை 2, 1. அடுத்த நிரை 0, 2. ஐகன் பெறுமானம் இருமுறை வரினும் ஐகன் காவிக்குத் திசை ஒன்றே. குறியிடும் இடம் ந வகைப்படும். எஞ்சிய ந−1 மூலகங்களுக்கும் இவ்விரண்டு வழிகள். மாணவன் தேடிய ‘ந’ இதுவே.

இனி, நான்முகியொன்றின் விளிம்புகளில் அடிக்கு ஒரு விளிம்பாக ஊரும் எறும்பொன்று, ந அடிகளின் பின் புறப்பட்ட உச்சிக்கே மீளும் வழிகளை எண்ணுக. அவை 1, 0, 3, 6, 21 என வரும். மூலைவிட்டத்தில் 0உம் ஏனைய இடங்களில் 1உம் உள்ள இத்தாயத்தின் ஐகன் பெறுமானங்கள் 3 ஒருமுறை, −1 மும்முறை. விதியை மட்டும் கற்றவன் ‘ந’வையும் அதன் வர்க்கத்தையும் எதிர்பார்ப்பான். விடையோ, 3இன் ந ஆம் அடுக்கோடு −1இன் ந ஆம் அடுக்கின் மும்மடங்கைக் கூட்டி நாலால் வகுத்ததேயாம். ‘ந’ தனித்து எங்கும் பெருக்கவில்லை. எறும்பு சென்ற வழியே திரும்பலாம், தாயம் சமச்சீரானது, −1க்கு ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று ஐகன் காவிகள் உள. நாலாம் வரிசைத் தாயத்தினின்று பிறந்த இத்தொடர், முந்தியதன் இருமடங்கும் அதற்கு முந்தியதன் மும்மடங்கும் என்னும் இரண்டாம் வரிசைத் தொடர்புக்கே அடங்குகின்றது.

ஆகவே விதி பிழையன்று. அதன் எல்லை கூறப்படாமையே குறை. மீள்வரு தொடர்பினின்று நேரே அமைக்கப்படும் துணைத் தாயத்தில், ஐகன் காவியின் முதற் கூறு தெரிந்தால் ஏனையவை ஐகன் பெறுமானத்தின் அடுக்குகளாகத் தாமே அமையும். அங்கே ஒரு பெறுமானத்துக்கு இரு திசைகள் இருத்தல் இயலாது. அதனால் ‘ந’ தவறாது தோன்றும். எண்ணுதற்கு அமைத்த தாயத்துக்கு அக்கட்டுப்பாடில்லை. ரிச்சாட் ஸ்ரான்லி 1986இல் வெளியிட்ட எண்ணற் சேர்மானவியல் நூலின் முதற்றொகுதியில், நான்காம் அதிகாரத்தின் தொடக்கத்தில் அடிப்படைத் தேற்றமும் ஏழாம் பிரிவில் நிலைமாற்றுத் தாய முறையும் உள. வகுப்புகளோ முன்னையதோடு நின்றுவிடுகின்றன. நான்முகிக் கணக்கைத் தேற்றம் கற்பிக்கும் அதே நாளிற் கொடுப்பதற்கு ஒரு பாடவேளை போதும்.