கிடுகும் ரசனையும்

வீட்டின் உட்புறத்தை அலங்கரிப்பது இன்று ஒரு தனிக் கலையாகவும், அதைவிடப் பெரிய வியாபாரமாகவும் வளர்ந்துவிட்டது. கொழும்பின் வசதி படைத்த இல்லங்களிலும் கடற்கரை விடுதிகளிலும் இப்போது மதிப்புப் பெற்றிருப்பவை எவை? மினுக்கிய சீமெந்துத் தரை, பழைய வீடுகளிலிருந்து பெயர்த்தெடுத்த தேக்கங்கதவு, சுவரில் மாட்டிய ஓலைப்பாய், அழகுக்காக வேய்ந்த கிடுகு. நேற்றுவரை பட்டிக்காடு என்று ஒதுக்கப்பட்டவை இன்று நாகரிகத்தின் சின்னங்கள்.

இந்த ரசனையின் பிறப்பு நல்ல பிறப்பே. மினெற் டி சில்வா 1949க்கும் 1951க்கும் இடையில் கண்டியில் அமைத்த கருணாரத்ன இல்லத்தில், தும்பறைப் பாய் நெசவைக் கதவுகளில் இடம்பெறச் செய்தார். அங்கே நெசவாளி கட்டடக் கலைஞரின் கூட்டாளி. 1960களின் தொடக்கத்தில் ஜெஃப்ரி பாவா கொழும்பில் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு, நடுமுற்றத்தை நகரத்துக்கு மீட்டுத் தந்தது. காற்றும் நிழலும் வேண்டிய நாட்டுக்கு ஏற்ற அறிவான வடிவம் அது. சுதந்திரம் பெற்ற தேசமொன்று தன் முகத்தைத் தேடிய முயற்சிகள் இவை.

பின்வந்தவர்களோ வடிவத்தை எடுத்துக்கொண்டு மனிதனை விட்டுவிட்டார்கள். காரைக்குடிச் சந்தையில் செட்டிநாட்டு மாளிகைகளின் தூணும் நிலையும் தனித்தனியே விலைபேசப்படுகின்றன. அது யாருடைய வாசல், அந்த வீடு ஏன் இடிந்தது என்று வாங்குபவர் கேட்பதில்லை.

எருக்கலம்பிட்டியில் நின்று பார்க்கும்போது இக்கேள்வி கூர்மையடைகிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, வெளியேற்றினர். மன்னார்த் தீவின் மக்கள் வள்ளங்களில் சென்று கற்பிட்டிக் கரையில் இறங்கினர். புத்தளத்து அகதி முகாம்களில் அவர்களுக்கு வாய்த்த கூரை கிடுகு. ஓரிரு ஆண்டில் உக்கிப்போகும் அக்கூரையின் கீழ் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்தது. 2009இல் போர் முடிந்தபின் வடக்கிற்குத் திரும்பியோரில் பலர் கண்டவை, கூரையும் கதவும் இழந்த சுவர்களும் அவற்றுள் முளைத்த பற்றைகளுமே.

அதே கிடுகு விடுதியில் ரசனை, முகாமில் வறுமை. ஓலை ஒன்றுதான். அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை. விரும்பாதபோது கழற்றிவிடக் கூடியவனுக்கே எளிமை அழகாகத் தோன்றும்.

அதனால், இடம்பெயர்ந்தோருக்கு அழகு வேண்டாம், நான்கு சுவர் போதும் என்று எண்ணலாமா? அது இன்னோர் அநீதி. இந்திய உதவி வீட்டுத் திட்டம் வடக்குக் கிழக்கில் ஒரு குடும்பத்துக்கு வழங்கிய தொகை 5,50,000 ரூபாய். அத்தொகைக்குள் சுவர் எழும்பும். ஆனால் பெண்கள் கூடியிருந்து பாய் பின்ன ஓர் உள்முற்றம், வந்தவர் அமர ஒரு திண்ணை, வெக்கையைத் தணிக்கும் கூரை ஆகியவை அவ்வளவு எளிதில் அமையா. தன் வீட்டின் நிறத்தையும் நிழலையும் தானே தீர்மானிக்க எருக்கலம்பிட்டித் தாய்க்கும் உரிமையுண்டு.

நமது கட்டடக் கலைஞர்கள் ஓலையின் அழகைக் கற்றுக்கொண்டது நன்று. அடுத்து அவர்கள் அந்த ஓலையைப் பின்னும் கைகளுக்கு நியாயமான கூலி தரட்டும். அக்கைகளுக்குரியவள் எத்தகைய வீட்டில் வாழ விரும்புகிறாள் என்று அவளிடமே கேட்கட்டும். அந்தப் பதிலிலிருந்து பிறக்கும் ரசனையே மக்களின் ரசனையாகும்.