ஜார்ஜ் பெய்லி கொடுத்த விலை

'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' 1946 டிசம்பர் 20 அன்று நியூயார்க்கின் குளோப் திரையரங்கில் வெளியானது. போட்ட பணத்தைக்கூட அது மீட்டுத் தரவில்லை. ஐந்து பிரிவுகளில் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் எதிலும் வெல்லவில்லை. சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் ஆகிய மூன்று விருதுகளும் வில்லியம் வைலரின் 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' படத்துக்குப் போயின. ஓசை எழுப்பாத செயற்கைப் பனியை உருவாக்கியதற்காகத் தொழில்நுட்பக் குழுவுக்கு மட்டும் ஒரு தனி விருது கிடைத்தது. இயக்குநர் ஃபிராங்க் காப்ரா பங்காளிகளுடன் தொடங்கிய லிபர்ட்டி ஃபிலிம்ஸ் நிறுவனம் அடுத்த ஆண்டே பாரமவுண்டுக்குக் கைமாறியது. அந்தப் படத்தைத்தான் 2006-ல் அமெரிக்கத் திரைப்படக் கழகம், மனத்துக்கு ஊக்கம் தரும் அமெரிக்கப் படங்களின் வரிசையில் முதலிடத்தில் வைத்தது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் வந்தால் தொலைக்காட்சியில் இந்தக் கறுப்பு வெள்ளைப் படமும் வந்துவிடும்.

ஏன் இந்த நீடிப்பு? தேவதூதர், குடும்பம், பனி, பாட்டு, இனிய முடிவு என்று வழக்கமாகப் பதில் சொல்வார்கள். இவை எல்லாம் படத்தில் உண்டு. ஆனால் இவை உள்ள எத்தனையோ பண்டிகைப் படங்கள் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டன. இந்தப் படம் நிலைத்ததற்குக் காரணம், இனிய முடிவுக்கு முன்னால் அது நேர்மையாகக் காட்டும் துயரம். நல்லவனாக வாழ்வதற்கு ஒரு மனிதன் என்ன விலை கொடுக்கிறான் என்பதை அது மறைக்கவில்லை. ஆண்டுதோறும் பார்க்கும் வழக்கம் படத்தைக் காப்பாற்றியது உண்மை. அதே வழக்கம் அந்த விலையை நம் கண்ணிலிருந்து மறைத்தும் வருகிறது.

கதை ஒரு வாழ்த்து மடலில் பிறந்தது. ஃபிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் என்ற எழுத்தாளர் 'தி கிரேட்டஸ்ட் கிஃப்ட்' என்ற சிறுகதையை எழுதினார். பதிப்பிக்க யாரும் முன்வராததால், 1943 கிறிஸ்துமஸுக்கு 200 பிரதிகள் அச்சிட்டு நண்பர்களுக்கு அனுப்பினார். ஆர்.கே.ஓ. நிறுவனம் 10,000 டாலருக்கு உரிமை வாங்கியது. பிறகு அது காப்ராவிடம் வந்தது. அப்போது காப்ரா போர்க்கால ஆவணப் படங்களை முடித்துவிட்டுத் திரும்பியிருந்தார். நாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஐரோப்பிய வானில் குண்டுவீச்சு விமானங்களை வழிநடத்திவிட்டு வந்திருந்தார். போருக்குப் பின் அவர் நடித்த முதல் படம் இது. போருக்கு முந்தைய படங்களில் அவரிடம் இருந்த இளைஞனின் துள்ளல் இதன் முதற்பாதியில் இருக்கிறது. பிற்பாதியில் வரும் கலங்கிய கண்களை அதற்கு முன் யாரும் அவரிடம் பார்த்ததில்லை.

பெட்ஃபோர்ட் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் பிறந்த ஜார்ஜ் பெய்லிக்கு உலகம் சுற்ற வேண்டும், பாலங்களும் கட்டடங்களும் கட்ட வேண்டும் என்று ஆசை. ஒவ்வொரு முறை புறப்படும்போதும் ஒரு கடமை குறுக்கே வருகிறது. தந்தை திடீரென இறக்கிறார். அவர் நடத்திய சிறிய வீட்டுக்கடன் சங்கத்தை ஜார்ஜ் ஏற்றுக்கொள்ளாவிட்டால், ஊரின் பெரும் பணக்காரரான பாட்டர் அதை மூடிவிடுவார். கல்லூரிக்கு என்று சேர்த்த பணம் தம்பி ஹாரியின் படிப்புக்குப் போகிறது. படித்து முடித்த தம்பி மனைவியோடு வந்து இறங்குகிறான்; மாமனார் தரும் நல்ல வேலை அவனுக்கு வெளியூரில் காத்திருக்கிறது. சிறுவயதில் பனிநீரில் மூழ்கிய அந்தத் தம்பியைக் காப்பாற்றப் போய் ஜார்ஜின் ஒரு காது செவிடானது. அந்தக் காதினாலேயே அவன் போருக்குப் போக முடியவில்லை. தம்பியோ விமானியாகி நாட்டின் உயரிய வீரப் பதக்கம் பெறுகிறான்.

காப்ராவின் கதைச் சொல்முறையில் முதலில் கவனிக்க வேண்டியது நேரப் பங்கீடு. படத்தின் நீளம் 130 நிமிடம். ஜார்ஜ் பிறக்கவே இல்லையென்றால் இந்த ஊர் என்னவாகியிருக்கும் என்று தேவதூதர் கிளாரன்ஸ் அவனுக்குக் காட்டும் புகழ்பெற்ற கற்பனை, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கழிந்த பிறகே வருகிறது. அதுவரை நாம் பார்ப்பது ஓர் ஊரின் அன்றாடம்: மகனின் மரணச் செய்தி வந்த துக்கத்தில் மாத்திரையில் விஷத்தைக் கலந்துவிடும் மருந்துக்கடைக்காரர், அவர் அடித்தும் அந்த மருந்தைக் கொண்டுபோய்க் கொடுக்க மறுக்கும் சிறுவன், சொந்த வீட்டுக்குக் குடிபோகும் இத்தாலியக் குடும்பம். கற்பனை தொடங்கும்போது இந்தச் சிறு செயல்கள் ஒவ்வொன்றும் கணக்கில் ஏறுகின்றன. தடுக்க ஆளில்லாததால் மருந்துக்கடைக்காரர் 20 ஆண்டு சிறையில் கிடந்தார். காப்பாற்ற அண்ணன் இல்லாததால் ஹாரி குழந்தையிலேயே இறந்தான். அவன் போரில் காப்பாற்றிய வீரர்களும் மாண்டார்கள். இந்தக் கணக்கு நம்மை உலுக்குவதற்குக் காரணம் தேவதூதரின் மாயம் இல்லை. வரவு ஒவ்வொன்றையும் முன்பே நம் கண்ணெதிரில் எழுதி வைத்த பொறுமைதான்.

வங்கியிலிருந்து பணத்தை எடுக்க மக்கள் முண்டியடிக்கும் காட்சி இதைவிடவும் சிறந்தது. பொருளாதாரப் பெருமந்தக் காலம்; ஜார்ஜுக்கும் மேரிக்கும் அன்றுதான் திருமணம். சங்கத்தின் வாசலில் கூட்டம். உங்கள் பணம் இந்தப் பெட்டியில் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரின் சுவரிலும் கூரையிலும் இருக்கிறது என்று ஜார்ஜ் விளக்குகிறான். நம் ஊர் பரஸ்பர சகாய நிதிகளை அறிந்தவர்களுக்கு இந்த விளக்கம் உடனே புரியும். தேன்நிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரை மேரி எடுத்து நீட்டுகிறாள். ஒருவர் தன் 242 டாலரையும் முழுதாகக் கேட்கிறார். பிறகு வரும் ஒரு பெண் பதினேழரை டாலர் போதும் என்கிறாள். கடை அடைக்கும் நேரத்தில் மிஞ்சுவது இரண்டே டாலர். கடனும் நம்பிக்கையும் எப்படி ஒன்றையொன்று தாங்குகின்றன என்பதை இவ்வளவு தெளிவாகவும் விறுவிறுப்பாகவும் காட்டிய திரைக்காட்சிகள் குறைவு.

இனி இருளுக்கு வருவோம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், மறதிக்காரச் சித்தப்பா பில்லி சங்கத்தின் 8,000 டாலரைத் தொலைக்கிறார். அது பாட்டரின் கையில் சிக்குகிறது; அவர் வாயைத் திறப்பதில்லை. ஜார்ஜ் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்குகிறான். வீட்டில் பொருள்களை உதைத்துத் தள்ளுகிறான். குழந்தைகள்மேல் எரிந்து விழுகிறான். மகளின் ஆசிரியையைத் தொலைபேசியில் திட்டுகிறான். பண்டிகைப் படத்தின் நாயகன் தன் குழந்தைகளையே அச்சத்தில் நடுங்க வைக்கும் இந்தக் காட்சியைப் பார்ப்பது எளிதில்லை. பிறகு மதுக்கடையில் அமர்ந்து, கடவுளை அதிகம் வேண்டிப் பழகாத ஒருவனின் தடுமாற்றத்தோடு வேண்டுகிறான். கையில் 15,000 டாலர் ஆயுள் காப்பீட்டுப் பாலிசி. பாட்டரிடம் கடன் கேட்கப் போனபோது, உயிரோடு இருப்பதைவிடச் செத்தால் உனக்கு மதிப்பு அதிகம் என்று அவர் சொன்ன கணக்கு மனத்தில். கால்கள் பாலத்தை நோக்கி நடக்கின்றன. குடும்பத்தை நேசிக்கும், ஊரார் மதிக்கும் ஒரு மனிதனும் தற்கொலை விளிம்புக்கு வரக்கூடும் என்பதை 1946-ல் வெகுமக்கள் படம் ஒன்று இவ்வளவு உண்மையாகச் சொன்னது பெரிய துணிவு.

ஒளிப்பதிவும் இந்த உண்மைக்குத் துணை நிற்கிறது. ஜோசப் வாக்கரும் ஜோசப் பைராக்கும் பதிவுசெய்த இப்படத்தில், ஜார்ஜ் இல்லாத உலகில் ஊர் பாட்டரின் பெயரில் பாட்டர்ஸ்வில்லாக மாறியதும் நிழல்கள் கறுத்து நீள்கின்றன. குற்றப் படங்களின் இரவு இதற்குள் நுழைந்துவிடுகிறது. பெற்ற தாயே அடையாளம் தெரியாது என்று கதவை மூடியதும், ஜார்ஜின் முகம் கேமராவை நோக்கி நெருங்கித் திரையை நிறைக்கும் காட்சியில், கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறம் எதுவும் தேவைப்படவில்லை. 1986-ல் இதற்கு வண்ணம் பூசியபோது காப்ராவும் ஸ்டூவர்ட்டும் எதிர்த்தது முற்றிலும் நியாயம்.

இத்தனை வலிமை உள்ள படத்தின் குறைகளும் சிறியவை அல்ல. முதலாவது, மேரி. ஜார்ஜ் இல்லாத உலகில் அவளுக்கு நேரும் கேடு என்ன? கண்ணாடி அணிந்து, மணமாகாமல், நூலகத்தில் வேலை பார்க்கிறாள். படம் இதைச் சாவுக்கும் சிறைக்கும் அடுத்த வரிசையில் வைத்து நம்மைப் பதறச் சொல்கிறது. தேன்நிலவுப் பணத்தை எடுத்துக் கொடுத்தவள் அவள். ஒழுகும் பாழ்வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக்கியவள் அவள். கடைசி இரவில் ஊர் முழுக்கச் சென்று உதவி திரட்டியவளும் அவள். அப்படிப்பட்ட பெண்ணுக்குக் கணவன் இன்றி ஒரு வாழ்க்கையைக் கற்பனை செய்யத் திரைக்கதைக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, நிறம். ஊரில் பேசும் வாய்ப்புள்ள ஒரே கறுப்பினப் பாத்திரம் பெய்லி வீட்டுப் பணிப்பெண் ஆனி. அவளும் பெரும்பாலும் சிரிப்பு மூட்டவே வருகிறாள். பாட்டர்ஸ்வில்லின் மதுக்கடையில் பியானோ வாசிப்பவர், பூகி-வூகி இசையின் மேதைகளில் ஒருவரான மீட் லக்ஸ் லூயிஸ். அந்த இசையை ஊரின் சீரழிவுக்கு அடையாளமாகவே படம் கையாள்கிறது. இத்தாலியக் குடியேறியின் குடும்பத்துக்குச் சொந்த வீடு வேண்டும் என்று நெகிழ்ந்து வாதாடும் படம், சிசிலியிலிருந்து சிறுவனாக வந்த காப்ராவின் படம், தன் பரிவை இந்த எல்லைக்கு அப்பால் கொண்டுபோகவில்லை.

மூன்றாவது, பாட்டர். வாடகைக்குடிகளைச் சுரண்டி ஊரையே கையில் வைத்திருப்பவர், 8,000 டாலரையும் விழுங்கிவிட்டு, தண்டனை ஏதுமின்றித் தப்புகிறார். வங்கி முதலாளியைக் கொடியவராகக் காட்டியதால் கம்யூனிசச் சாயல் இருக்கிறதோ என்று எஃப்.பி.ஐ. குறிப்பு எழுதி வைத்தது. உண்மையில் படம் அவ்வளவு தூரம் போகவே இல்லை. ஏழைகள் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போட்டு ஒரு மனிதனைக் காப்பாற்றுகிறார்கள். அவர்களை ஏழைகளாக வைத்திருக்கும் ஏற்பாடு அப்படியே நிற்கிறது. ஆனால் பாட்டர் சிறைக்குப் போவதாக முடித்திருந்தால் அது எளிய ஆறுதலாகப் போயிருக்கும். அவர் மறுநாளும் ஊரில் இருப்பார், ஜார்ஜும் மறுநாள் சங்கத்தைத் திறக்க வேண்டும் என்பதே வாழ்க்கைக்கு நெருக்கமானது. ஆகவே இதைக் குறையாகவும் நேர்மையாகவும் ஒருசேர ஏற்கிறேன்.

நான்காவது குறை இவற்றைவிட ஆழமானது. ஒருவனால் எத்தனை பேருக்கு நன்மை என்று எண்ணிக் காட்டித்தான் அவன் உயிரின் மதிப்பைப் படம் நிறுவுகிறது. அப்படியானால் யாரையும் காப்பாற்றாத, எதையும் கட்டாத மனிதன்? அவன் பாலத்தில் நின்றால் கிளாரன்ஸ் எதைக் காட்டுவார்? இதற்குத் தேவதூதரிடம் விடையில்லை. ஆனால் படத்துக்குள் பில்லி சித்தப்பா இருக்கிறார். அவரால் சங்கத்துக்குத் தொல்லைதான் அதிகம். ஆனாலும் ஜார்ஜ் அவரை ஒருபோதும் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஜார்ஜ் இல்லாத உலகில் அவர் மனநல விடுதியில் கிடக்கிறார். பயன் பார்க்காமல் ஒருவரைத் தாங்குவதும் இந்தக் கதையில் நடக்கிறது. கதை அதைப் பெரிதாக எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வெளியான காலத்திலேயே நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பாஸ்லி கிரௌதர் இதன் மிகையான உணர்ச்சியைக் குறை சொன்னார். கடைசிக் காட்சியை மட்டும் பார்த்தால் அது சரி. அப்படி மட்டும் பார்க்கும் பழக்கம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கச் சட்டப்படி 28 ஆண்டுகளில் புதுப்பித்திருக்க வேண்டிய பதிப்புரிமையை 1974-ல் உரிமையாளர்கள் புதுப்பிக்கவில்லை. கட்டணமின்றிக் கிடைத்த படத்தை உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் திரும்பத் திரும்பக் காட்டின. 1993-ல் மூலக்கதையின் உரிமையை வைத்து ரிபப்ளிக் நிறுவனம் கட்டுப்பாட்டை மீட்டது. அடுத்த ஆண்டு முதல் என்.பி.சி. ஒளிபரப்பி வருகிறது. திரையரங்கில் தோற்ற படத்துக்கு வீட்டுக்கூடம் மறுவாழ்வு கொடுத்தது. தாத்தாவும் பேத்தியும் ஒரே கதையைப் பார்த்துப் பேசிக்கொள்ள அது வழி செய்தது. எந்த விளம்பரமும் தர முடியாத நன்மை இது.

கெடுதலும் அதே வழியில் வந்தது. பண்டிகை வேலைகளுக்கு நடுவே ஓடும் படத்தில், எல்லோரும் கூடத்துக்கு வந்து உட்காருவது கடைசிப் பத்து நிமிடத்துக்குத்தான். மணி ஒலிக்கிறது, தேவதூதருக்குச் சிறகு கிடைக்கிறது, கண் நனைகிறது. பாட்டர்ஸ்வில் பகுதியையே வெட்டி எறிந்த சுருக்கப் பதிப்பு ஒன்றும் அண்மைக் காலத்தில் இணையத்தில் உலவுகிறது. பாலத்துக்குப் போனவன் எதைப் பார்த்து மனம் மாறினான் என்பதே தெரியாமல் அவன் வீட்டுக்கு ஓடி வருகிறான். அந்தப் பகுதி இல்லாவிட்டால் அவன் மகிழ்ச்சிக்குப் பொருளே இல்லை.

மாடிப்படிக் கைப்பிடியின் குமிழ் ஒன்று படத்தில் கழன்று கழன்று கையோடு வருகிறது. ஒருமுறை ஜார்ஜ் அதை வீசியெறியப் போகிறான். கடைசியில் அதையே முத்தமிடுகிறான். குமிழ் சரிசெய்யப்படவில்லை.  அவன் உலகம் சுற்றவில்லை; ஒரு பாலமும் கட்டவில்லை. இழந்தது எதுவும் திரும்பக் கிடைக்காமலே ஒருவன் தன் வாழ்வை ஏற்றுக்கொள்கிறான். மேரியின் பங்கைக் குறைத்து மதிப்பிட்டதும் கறுப்பின மக்களை ஓரத்தில் நிறுத்தியதும் இந்தப் படத்தின் உண்மையான குற்றங்கள்; காலத்தைக் காட்டி அவற்றைத் தள்ளுபடி செய்யக் கூடாது. அவற்றைக் கழித்த பிறகும், சாதாரண வாழ்க்கையின் வலியையும் கண்ணியத்தையும் ஒன்றாகச் சொன்ன மிகச் சிறந்த அமெரிக்கப் படங்களுள் இது ஒன்று என்பதே என் தீர்ப்பு. இதுவரை பார்க்காதவர்கள், வண்ணம் பூசாத, வெட்டுப்படாத பிரதியைத் தேடி எடுங்கள். முதல் காட்சியிலிருந்து உட்காருங்கள். பார்த்தவர்கள், இந்த டிசம்பரில் கடைசிப் பத்து நிமிடத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.